பொம்பெயி இடிபாடுகளும் வெசுவியஸ் திராட்சைத் தோட்டமும்: ஒரே நாளில் சென்றுவர ஒரு வழிகாட்டி

நேப்பிள்ஸ் நகரில் ரயில் ஏறினால் ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் பொம்பெயி இடிபாடுகளின் வாசலில் இறங்கிவிடலாம். அந்தப் பழைய ரோமானிய நகரை கி.பி. 79இல் சாம்பலால் மூடிய வெசுவியஸ் எரிமலை, அங்கிருந்து பார்த்தால் வடமேற்கே கண்ணுக்கு நேராக நிற்கும். அதன் சரிவுகளில் இன்றும் திராட்சை பயிராகிறது. காலையில் இடிபாடுகளையும் மதியத்தில் மலைச்சரிவுத் தோட்டம் ஒன்றையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் நேப்பிள்ஸுக்குத் திரும்பிவிட முடியும். இத்தாலிக்கு முதல் முறையாகச் செல்கிறவர்களுக்காக, அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குத் தூரம் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. பொம்பெயி ஒயினால் செழித்த ஊர். நகர மதிலுக்கு உள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் சில, பழைய கொடிகளின் வேர்கள் இருந்த அதே இடங்களில் நம் காலத்தில் மறுபடியும் நடப்பட்டிருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு மலைக்குப் போனால், தோட்டக்காரர் கொடியையும் மண்ணையும் பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றும் மனத்தில் ஒட்டும். வரிசையை மாற்றி மலைக்கு முதலில் போகிறவர்களுக்கு அது வெறும் விருந்தாக முடிந்துவிடும். அதன் பிறகு வெயிலில் இடிபாடுகளில் நடக்கவும் தெம்பு இருக்காது.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள நாட்களும் மிகவும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட் வெயில் நமக்குப் பழகியதுதானே என்று எண்ணிவிட வேண்டாம். பொம்பெயியில் பெரும்பாலான கட்டடங்களுக்குக் கூரை இல்லை, தெருக்களில் மரமும் இல்லை, காலுக்கடியில் கருங்கல் காய்ந்துகொண்டிருக்கும். அறுவடையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அக்டோபரைத் தேர்ந்தெடுக்கலாம். அங்குள்ள சிவப்புத் திராட்சை தாமதமாகவே பழுக்கும். குளிர்காலத்தில் கொடிகள் இலையுதிர்த்து நிற்கும், கவாத்து வேலை நடக்கும். கூட்டம் குறைவு என்றாலும் இடிபாடுகளை மாலை ஐந்து மணிக்கே மூடிவிடுவார்கள்.

ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய மூன்று நாட்களும் விடுமுறை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணம் இல்லை. அந்த ஒரே காரணத்தால் அன்று நெரிசல் மிகுதியாக இருக்கும் என்பதால், நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் செல்வது நல்லது.

முன்பதிவு

2024 நவம்பர் முதல் பொம்பெயிக்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. நுழைவுச் சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் அச்சிடப்படும். வாசலில் அடையாளச் சான்றைக் கேட்டால் காட்ட வேண்டும். நம்மவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாக எழுதும் வழக்கத்தை இந்தப் பதிவில் பின்பற்றாமல், கடவுச்சீட்டில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே நிரப்ப வேண்டும். கோடை மாதங்களில் காலைக்கும் பிற்பகலுக்கும் தனித்தனி நேரப் பிரிவு உண்டு. இந்தப் பயணத்துக்குக் காலைப் பிரிவே தேவை. சீட்டில் முக்கியமாக இரண்டு வகை உள்ளன. பொம்பெயி நகரை மட்டும் பார்ப்பதற்கு ஒன்று. மதிலுக்கு வெளியே உள்ள மர்மங்களின் மாளிகை, பக்கத்து ஊரான பொஸ்கொரியாலே ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதற்கு மற்றொன்று. ஒரே நாளில் திராட்சைத் தோட்டமும் பார்க்க வேண்டுமென்றால் முதல் வகையே போதும்.

திராட்சைத் தோட்டத்துக்கும் சில நாட்கள் முன்பாகவே எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெசுவியஸின் தெற்குச் சரிவில் உள்ள போஸ்கொத்ரெகாசே, த்ரெகாசே ஆகிய ஊர்களைச் சுற்றி, பயணிகளை வரவேற்கும் தோட்டங்கள் பல இருக்கின்றன. எழுதும்போது தெளிவாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. கொடிகளுக்கு நடுவே அழைத்துச் சென்று காட்டுவார்களா அல்லது மேசையில் அமர்த்திப் பரிமாறுவதோடு சரியா என்பது முதல் கேள்வி. மேசையோடு சரி என்றால் வேறு தோட்டத்தைத் தேடுங்கள். பொம்பெயியின் ஆம்ஃபிதியேட்டர் (பழைய விளையாட்டு அரங்கம்) வாசலுக்கு வண்டி அனுப்புவார்களா, திரும்பவும் ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விடுவார்களா என்பது அடுத்தது. மலைச்சரிவு ஏற்றமானது, ரயில் நிலையங்களோ கீழே இருக்கின்றன; ஆகவே வண்டி இல்லாமல் போவது வீண் அலைச்சல். சைவ உணவு உண்கிறவர்கள் அதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

ரயில்

ரோமில் தங்கியிருப்பவர்கள் விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் நேப்பிள்ஸ் மத்திய நிலையத்தை அடையலாம். அந்த நிலையத்தின் கீழ்த்தளத்தில் உள்ள கரிபால்டி நிலையத்திலிருந்துதான் சிர்கும்வெசுவியானா என்னும் உள்ளூர் ரயில் கிளம்புகிறது. சொரெந்தோ செல்லும் வண்டியில் ஏற வேண்டும். இறங்க வேண்டிய நிலையத்தின் முழுப் பெயர் ‘பொம்பெயி ஸ்காவி - வில்லா தெய் மிஸ்தேரி’ என்பது. ஸ்காவி என்றால் அகழாய்வு. வெறுமனே பொம்பெயி என்று முடியும் நிலையமும், ‘பொம்பெயி சந்துவாரியோ’ என்ற நிலையமும் இன்றைய பொம்பெயி ஊருக்குள் வேறு தடங்களில் இருக்கின்றன. முதல் பயணத்தில் நான் பெயரைப் பாதி மட்டும் படித்துவிட்டு ஊருக்குள் இறங்கிவிட்டேன். அங்கிருந்து நடந்து வாசலைச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஏறும் முன் பலகையில் சொரெந்தோ என்ற பெயரையும், இறங்கும் முன் ஸ்காவி என்ற சொல்லையும் பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. வண்டியில் இருக்கை முன்பதிவு கிடையாது, கூட்டமும் அதிகம். பணப்பையையும் கைபேசியையும் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளவும். காலை எட்டு மணிக்கு முன்பே ஏறிவிட்டால், ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் இருக்கலாம்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை மிகக் குறைவு: தொப்பி, தண்ணீர் பாட்டில், கடவுச்சீட்டு, பிடிப்பான அடிப்பாகம் உள்ள மூடிய காலணி. 30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்ற அளவுக்கு மேற்பட்ட பைகளை உள்ளே அனுமதிப்பதில்லை. உள்ளே தெருவோரக் குழாய்களில் வரும் தண்ணீரைக் குடிக்கலாம்.

மேற்கிலிருந்து கிழக்காக நடப்பது

பொம்பெயி மொத்தம் 66 ஹெக்டேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டிருக்கிறது. மூன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்பதை மனம் முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ரயில் நிலையத்தின் பக்கத்தில் உள்ள போர்த்தா மரீனா வாசலில் நுழைந்து, நகரின் குறுக்கே கிழக்கு நோக்கி நடந்து, மறுமுனையில் ஆம்ஃபிதியேட்டர் வாசலில் வெளியேறுவதுதான் இந்தப் பயணத்துக்கு உகந்த வழி. வந்த வழியே திரும்பி நடக்கும் வேலை இதில் இல்லை. பராமரிப்புக்காகச் சில வீடுகளைச் சுழற்சி முறையில் மூடி வைப்பார்கள். ஒரு வீடு மூடியிருந்தால் காத்திருக்காமல் அடுத்ததற்குச் செல்லவும்.

நுழைந்தவுடன் மன்றம், அதாவது நகரின் மையச் சதுக்கம் வரும். அதன் வடக்கு ஓரத்தில் யூபிடர் கோயிலின் உடைந்த தூண்களுக்குப் பின்னால் வெசுவியஸ் எழுந்து நிற்கும். அங்கிருந்து கிழக்கே நீளும் பெரிய தெருவின் பெயர் வியா தெல் அப்பொந்தான்சா. இந்தத் தெருவில் நடக்கும்போது அவ்வப்போது குனிந்து பார்க்க வேண்டும். பாவியிருக்கும் பெருங்கற்களில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்கள் விரலளவுக்கும் மேலாக ஆழ்ந்து கிடக்கின்றன. தெருவின் குறுக்கே உயரமான கற்களை இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார்கள். தெருவில் தண்ணீரும் கழிவும் ஓடினாலும் காலை நனைக்காமல் கடப்பதற்கு அந்தக் கற்கள். நடுவே சக்கரங்கள் போவதற்கு அந்த இடைவெளிகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர் ஒன்றின் அன்றாடம் இவ்வளவு நெருக்கமாகத் தெரியும் இடம் உலகில் மிகச் சிலவே.

தெருவின் இருபுறமும் சாப்பாட்டுக் கடைகள் வரும். கல்லால் கட்டிய கல்லாமேடை, அதில் வட்ட வட்டமான வாய்களோடு பதித்த பெரிய சாடிகள் என்று அடையாளம் காண்பது எளிது. அவற்றுள் வெத்தூத்தியுஸ் பிளாக்கிதுஸின் கடை எனப்படும் இடத்தில் சற்று நிற்க வேண்டும். மேடைக்குப் பின்னால் சுவரில் வீட்டுத் தெய்வங்களின் சிறு மாடம் நிறம் மங்காமல் இருக்கிறது. அதன் ஒரு கோடியில் வணிகத்துக்குரிய மெர்க்குரியும் மறுகோடியில் ஒயினுக்குரிய டையோனிசஸும் நிற்கிறார்கள். கடைக்காரர் நாள்தோறும் யாரை வணங்கிக் கடை திறந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் தப்பியோடியோரின் தோட்டம் என்ற இடத்துக்கு வரலாம். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதின்மூன்று பேரின் வார்ப்புகள், அவர்கள் விழுந்த இடத்திலேயே கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கின்றன. சாம்பல் இறுகிக் கல்லான பிறகு உடல்கள் மட்கிப்போக, அவை இருந்த இடம் வெற்றிடமாக நின்றது. அந்த வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி உருவத்தை மீட்கும் முறையை ஜுசெப்பே ஃபியோரெல்லி 1863இல் செயல்படுத்தினார். அவர்கள் விழுந்து கிடப்பது ஒரு திராட்சைத் தோட்டத்தில். இங்கே உரக்கப் பேசுவதையும், வார்ப்புகளோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதையும் தயவுசெய்து தவிர்க்கவும். அவை சிலைகள் அல்ல. பலவற்றின் உள்ளே எலும்புகள் இன்னும் இருக்கின்றன.

மதிலுக்குள் ஒரு தோட்டம்

ஆம்ஃபிதியேட்டருக்கு எதிரே, அதன் வடக்குப் பக்கம், வேலிக்குள் திராட்சைக் கொடிகள் நேர்வரிசையில் நிற்பதைக் காணலாம். அவசரமாகச் செல்கிறவர்கள் இதை யாரோ அலங்காரத்துக்கு வளர்த்தது என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இந்த நாளின் நடுப்புள்ளி இதுவே என்பது என் கருத்து. அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

இந்த நிலத்துக்கு ஃபோரோ போவாரியோ, அதாவது மாட்டுச் சந்தை என்று பெயர். முற்காலத்தில் தோண்டியவர்கள் இங்கே கிடைத்த எலும்புகளைப் பார்த்து அப்படிக் கருதினார்கள். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி இங்கே தோண்டியபோது, தரையில் சிறு சிறு குழிகள் ஒழுங்கான இடைவெளியில் வருவதைக் கண்டார். வேர்கள் மட்கிப்போன இடத்தில் எரிமலையின் பரல்கற்கள் நிரம்பியிருந்தன. அவற்றைக் கவனமாக அள்ளி வெளியேற்றிவிட்டுச் சிமென்ட் கலவையை ஊற்றி, இறுகிய பிறகு சுற்றியிருந்த மண்ணை நீக்கினால், திராட்சை வேரின் உருவம் கிளை கிளையாக வெளிவந்தது. மனித உடல்களுக்கு ஃபியோரெல்லி செய்ததை இவர் செடிகளுக்குச் செய்தார். இப்படி 2,000க்கும் மேற்பட்ட கொடிகளின் இடங்கள் தெரியவந்தன. கொடிக்குப் பக்கத்தில் ஊன்றிய முட்டுக்கம்பின் குழிகூடத் தனியே தெரிந்தது.

தோட்டத்தின் ஒரு பக்கத்தில் திராட்சை பிழியும் அறையும், மண்ணில் கழுத்துவரை புதைத்த தாழிகளும் கிடைத்தன. கல்லால் கட்டிய சாப்பாட்டுத் திண்ணைகளும் கொடிகளுக்கு நடுவே இருந்தன. எதிரே ஏறக்குறைய 20,000 பேர் அமரக்கூடிய ஆம்ஃபிதியேட்டர். அங்கே விளையாட்டுப் பார்க்க வந்தவர்கள் இந்த நிழலில் சாய்ந்து உணவருந்தி, இங்கேயே விளைந்த ஒயினைக் குடித்திருக்க வேண்டும். பொம்பெயி ஒயினைக் குடித்தால் மறுநாள் நண்பகல்வரை தலைவலி நீங்காது என்று எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இதே எரிமலை வெடிப்பின்போது இந்தக் கடற்கரையில் உயிரிழந்தார்.

1990களில் மாஸ்ட்ரோபெரார்டினோ என்ற ஒயின் நிறுவனமும் தொல்லியல் துறையும் சேர்ந்து, பழைய குழிகள் காட்டிய அதே நெருக்கத்தில் கொடிகளை மறுபடி நட்டன. சுவரோவியங்களில் வரைந்திருக்கும் திராட்சைக் குலைகளும் எந்த இரகத்தை நடலாம் என்று முடிவு செய்ய உதவின. 2001ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து முதல் ஒயின் உருவாயிற்று. பெரும்பாலும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். கொடிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ரோமானிய அடி, அதாவது ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மலைத்தோட்டத்தில் அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியோடோ வருகிறவர்களுக்கு மேலே சொன்ன வழி சரிப்படாது. அவர்கள் ஆம்ஃபிதியேட்டர் வாசலிலேயே நுழைந்தால், 3 கிலோமீட்டருக்கும் மேலாக அமைக்கப்பட்ட சமதளப் பாதை அங்கிருந்தே தொடங்குகிறது. தோட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது.

மலைச்சரிவில்

பன்னிரண்டரை மணிக்கு ஆம்ஃபிதியேட்டர் வாசலில் வெளியேறினால், கால் மணி முதல் அரைமணி நேரத்துக்குள் வண்டி சரிவுத் தோட்டத்தைச் சேர்ந்துவிடும். இறங்கியவுடன் முதலில் மண்ணைப் பாருங்கள். கறுப்பு மணலும் நுரைக்கல்லும் கலந்த, காலடியில் சரசரவென்று சரியும் மண் அது. வெசுவியஸ் கடைசியாக வெடித்தது 1944 மார்ச் மாதத்தில். இந்த மண் அப்படிப்பட்ட பல வெடிப்புகளின் அடுக்கு.

இந்த மணலால்தான் இங்குள்ள கொடிகள் தனித்தன்மை பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டித்தான் மற்ற இடங்களில் திராட்சையைக் காப்பாற்ற முடிந்தது. மணற்பாங்கான எரிமலை மண்ணில் அந்தப் பூச்சியால் வாழ முடியவில்லை என்பதால், வெசுவியஸில் இன்றும் பல கொடிகள் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ஒரு கொடி பட்டுப்போனால், பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போட்டு அந்த இடத்தை நிரப்புகிறார்கள். தோட்டக்காரரிடம் பதியக் கிளையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் மகிழ்ச்சியோடு மண்ணை விலக்கிக் காட்டுவார்.

சிவப்பு இரகத்தின் பெயர் பியெதிரோஸ்ஸோ, பொருள் செங்கால். பழம் முதிரும்போது அதன் காம்பு புறாவின் கால்போலச் சிவந்துவிடும். ஒரு பழத்தைக் கையில் வாங்கிக் காம்பைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். வெள்ளை இரகங்களுள் ஒன்று கோடா டி வோல்பே, அதாவது நரிவால். அதன் குலை நீண்டு நுனியில் வளைந்து தொங்கும். இந்த இரகங்களிலிருந்து வரும் ஒயினுக்கு லாக்ரிமா கிறிஸ்டி, கிறிஸ்துவின் கண்ணீர் என்று பெயர். விண்ணிலிருந்து தள்ளப்பட்ட லூசிஃபர் சொர்க்கத்தின் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்து இங்கே போட்டான் என்றும், அதைப் பார்த்துக் கிறிஸ்து சிந்திய கண்ணீரில் கொடி முளைத்தது என்றும் மக்கள் சொல்கிறார்கள். 1983 முதல் இந்தப் பெயருக்குச் சட்டப்பூர்வமான பிறப்பிடப் பாதுகாப்பு உண்டு.

காலணியில் ஒட்டிய அந்தக் கறுப்பு மணலைத் தட்டிவிடும் முன் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். இந்தப் பகுதிக் குயவர்கள் ஒயின் சாடிகளுக்கான களிமண்ணில் இதே எரிமலை மணலைக் கலந்தார்கள். கறுப்புப் புள்ளிகள் தெரியும் அத்தகைய சாடிகளின் ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. யவனர் கொண்டுவந்த தேறல் என்று சங்கப் பாட்டு சொல்வதில் ஒரு பங்காவது இந்தச் சரிவுகளில் பிழிந்ததாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேசையில்

வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்ற வரிசையில் சிறிதளவு ஊற்றுவார்கள். கண்ணாடிக் கிண்ணத்தின் தண்டைப் பிடித்து மெல்லச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் பருகினால் போதும். ஊற்றியதை எல்லாம் குடித்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மீதியை ஊற்ற மேசையில் பாத்திரம் இருக்கும், அதில் ஊற்றுவது யாரையும் புண்படுத்தாது. வெயிலில் நடந்துவிட்டு வெறும் வயிற்றில் பருகுவது உடலுக்கு ஆகாது. முதலில் தண்ணீரும் ரொட்டியும் கேட்டு வாங்கிக்கொள்ளவும். வாடகைக் காரில் வருகிறவர்களில் ஓட்டுபவர் அன்று பருகவே கூடாது. ஒயினே தொடாதவர்களும் குழந்தைகளும் தோட்ட நடையிலும் உணவிலும் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். பதிவின்போது சொல்லிவிட்டால் பல தோட்டங்களில் கட்டணத்தையும் குறைப்பார்கள்.

சைவர்கள் ‘சென்சா கார்னே, சென்சா பெஷே’ என்று சொன்னால், இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். அவர்களுக்கு இங்கே குறையிருக்காது. பியென்னொலோ என்ற சிறு தக்காளி இந்த மலைக்கே உரியது. நுனி கூர்மையாக இருக்கும் அந்தப் பழங்களைக் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுவதும் வைத்திருப்பார்கள். சுட்ட ரொட்டியில் அதை நசுக்கி, ஆலிவ் எண்ணெயும் துளசி வகை இலையும் சேர்த்துத் தருவதும், அதே தக்காளியில் செய்த ஸ்பகெட்டியும் போதுமான உணவு. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைப் பார்மிஜானோ போன்ற பாலாடைக்கட்டிகளில் சேர்க்கிறார்கள். அதையும் தவிர்க்க விரும்புகிறவர்கள் ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’ என்று சேர்த்துச் சொல்லவும்.

திரும்பும் வழி

மூன்றரை மணிக்குக் கிளம்பினால் போதும். பெரிய வகைச் சீட்டு வாங்கியவர்கள், அன்று திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டு, பொஸ்கொரியாலேயில் உள்ள வில்லா ரெஜினா என்ற சிறு பண்ணை வீட்டில் இறங்கலாம். முற்றத்தில் வாய் மட்டும் வெளியே தெரியும்படி புதைத்த 18 தாழிகள், மொத்தம் சுமார் 10,000 லிட்டர் கொள்ளளவோடு, அப்படியே இருக்கின்றன. சுற்றிலும் திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மாலை ஆறு மணிக்குள் நேப்பிள்ஸ் வந்துவிடலாம்.

நேப்பிள்ஸில் இன்னொரு காலைப்பொழுது மிச்சமிருந்தால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சென்று, நூற்றாண்டு விழா வீடு என்று அழைக்கப்படும் பொம்பெயி வீட்டிலிருந்து எடுத்து வந்த ஒரு சுவரோவியத்தைத் தேடிப் பாருங்கள். உடல் முழுவதும் திராட்சைப் பழங்களாலான பாக்கஸ், அதாவது டையோனிசஸ், நிற்கிறார். பக்கத்தில் ஒற்றைச் சிகரத்தோடு ஒரு மலை, வெசுவியஸ் என்று கருதப்படுவது. முந்தைய நாள் நீங்கள் நடந்துவந்த அந்தக் கீழ்ச்சரிவில், வரிசை வரிசையாகக் கொடிகளைப் பந்தல் கட்டி வரைந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால், பொம்பெயிப் பயணத்தைத் திங்கட்கிழமையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.